அடிமூட்டை

தலைமுடிக்குள் சிக்கியிருந்த சணல் பிசிறுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள் சந்தனம். குளிப்பாட்டி, விபூதி பூசி, பெஞ்சில் கிடத்திய பிறகும் வெள்ளைச்சாமியின் தலையிலிருந்து அவை வந்துகொண்டே இருந்தன. அவள் புருஷன் புதுக்கோட்டையில் ஒரு அரிசிக் கடையில் மூட்டை தூக்குகிறவன். நேற்று மத்தியானம் கடைக் கிட்டங்கியில் அடுக்கி வைத்திருந்த மூட்டை அட்டி சரிந்து அவன்மேல் விழுந்தது. மூட்டைகளைப் புரட்டி ஆளை வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை.

பந்தலுக்குப் போட்ட கீற்று பழசு. ஓட்டை வழியே வெயில் பொட்டுப் பொட்டாக அவன் மார்பில் விழுந்து, காற்றடிக்கும்போதெல்லாம் நகர்ந்தது. மூச்சு விடுகிறானோ என்று இரண்டு தடவை ஏமாந்துவிட்டாள். நேற்றிலிருந்து எல்லாமே தவிட்டுத் தூசிக்கு அந்தப் பக்கம் நடப்பதாக இருந்தது. வாசலில் அடிக்கும் பறை பக்கத்து ஊரில் அடிப்பதுபோலக் கேட்டது. ஒப்பாரி வைக்கும் பெண்கள் வெறுமனே வாயைத் திறந்து மூடினார்கள். அதற்கெல்லாம் அடியில், அவள் காதுக்கு மட்டும், சாக்கிலிருந்து அரிசி ஒழுகும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்து 'காப்பித்தண்ணி இருக்கா' என்று கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். கேட்க மாட்டான். உயிரோடு இருந்தபோதே வாய் திறந்து எதையும் கேட்கிற ஆளில்லை.

கடை முதலாளி ஆத்மநாதம் பிள்ளை மாலையோடு வந்தார். போட்டுவிட்டு, கொண்டுவந்து வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தனத்தின் தம்பி சோலையப்பனும் அதே கடையில் மூட்டை தூக்குகிறவன்தான். அவரைப் பார்த்து அவன் எழுந்திருக்கவில்லை.

"விதிப்பா. நாம என்ன செய்ய முடியும்" என்றார் பிள்ளை.

"விதியாங்க? இம்புட்டு ஒசரம் வேணாம், சரிஞ்சிரும்னு மச்சான் சொன்னாரு. நானும் சொன்னேன். உத்தரம் தொடுற வரைக்கும் அடுக்குங்கடான்னு சொன்னது நீங்கதான்."

பிள்ளை தரையைப் பார்த்தார். அரிசிக்குப் போட்டிருந்த கட்டுப்பாட்டை சர்க்கார் எடுத்ததிலிருந்து கடைக்காரர்கள் பலரும் அப்படித்தான் அடுக்கினார்கள். விலை ஏறுமுன் வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. கிட்டங்கியோ தாத்தா காலத்து அளவில்தான் இருந்தது.

தம்பி சொல்வது சரிதான் என்று சந்தனம் நினைத்தாள். ஆனால் முழுசும் அது இல்லை.

அரிசி வாங்க வருகிறவர்கள் மேல்மூட்டையை நம்புவதில்லை. நல்லதை மேலே வைத்து மட்டமானதை அடியில் வைத்திருப்பார்கள் என்று சந்தேகம். "அடிமூட்டையில குத்திக் காட்டு" என்பார்கள். வெள்ளைச்சாமி குத்தூசியை அடிமூட்டையில் செருகுவான். அதன் குழல் வழியே ஒரு பிடி அரிசி அவர்கள் உள்ளங்கையில் விழும். ஊசியை உருவியதும் அதன் முனையால் சாக்கைத் தேய்த்துவிட வேண்டும். இழை கூடித் துளை அடைத்துக்கொள்ளும். மூட்டை தூக்குகிறவன் முதலில் படிக்கிற பாடம் அது. வெள்ளைச்சாமி சில துளைகளைத் தேய்க்காமல் விட்டான்.

கடையைக் கூட்டுகிறவள் சந்தனம். கூட்டுவதற்குக் கூலி கிடையாது, சிந்திய அரிசியை அள்ளிக்கொள்ளலாம் என்பது பிள்ளை பேசிய பேச்சு. ஒருநாள் அட்டியின் காலடியில் சிறு குவியலாக அரிசி கிடந்ததைப் பார்த்து அவள் நிமிர்ந்தாள். அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். அதன்பின் தினமும் குவியல் இருந்தது. வீட்டில் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. அந்த நாட்களில் அவன்மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை இருந்தது. அடிமூட்டை இளைத்தால் மேலே இருப்பது என்ன ஆகும் என்று அள்ளுகிற கைக்குத் தோன்றவில்லை. தூக்குகிறவனுக்கு அல்லவா தோன்றியிருக்க வேண்டும். அவன்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"நேரமாவுதுடி. வாய்க்கரிசிக்கு அரிசி எங்கிட்டு வச்சிருக்க?" பக்கத்து வீட்டு முனியாயி குனிந்து கேட்டாள்.

"பானையில இருக்குக்கா. கூட்டுன அரிசிதான்."

பிள்ளை காதில் விழுந்துவிட்டது. "கல்லும் மண்ணுமா அதையா போடுறது? நம்ம கடைக்கு ஒழச்சவன். சோலையப்பா, இந்தா சாவி. கெழக்கு அட்டியில சீரகச்சம்பா இன்னும் பிரிக்காம இருக்கு. மேல ஏறி ஒரு மூட்டைய எறக்கி, வேணுங்கிறத எடுத்துட்டு வா."

மச்சானுக்கு நல்ல அரிசி என்றதும் சோலையப்பனின் கோபம் கொஞ்சம் தணிந்தது. சாவியை வாங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான்.

காதுக்குள் அரிசி ஒழுகும் சத்தம் பெரிதானது. கிழக்கு அட்டியின் காலடியில்தான் இந்த வாரம் முழுக்க அவள் அள்ளினாள். சொன்னால், ஊர் கூடியிருக்கும் இடத்தில், பதில் பேச முடியாமல் கிடக்கிறவனைப் பெண்டாட்டியே திருடன் என்று சொன்னதாகும். கொள்ளி வைக்குமுன்னே அந்தப் பேர் வந்து சேரும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். வெயிலில் தெரு நீண்டுகொண்டே போனது. அதில் தம்பியின் முதுகு மெல்லக் கரைந்து சிறிதாகிக்கொண்டிருந்தது. புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து ஓடினாள்.

பிணத்தை விட்டுவிட்டுப் பெண்டாட்டி ஓடுவதைப் பார்த்துப் பறை நின்றுவிட்டது.

"தம்பி, போகாதடா. அந்த அட்டியும் சரியும். ஏறாத."

சோலையப்பன் திரும்பினான். பந்தலிலிருந்து பிள்ளையும் எழுந்து வந்தார்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பிள்ளை.

"அடிமூட்டையெல்லாம் எளச்சுக் கெடக்குங்க மொதலாளி. அவரு குத்துனா தேய்க்க மாட்டாரு."

பிள்ளையின் முகத்தில் சட்டென்று ஒரு நிம்மதி வந்தது. சந்தனம் அதைப் பார்த்தாள்.

"தொழில் தெரிஞ்ச ஆளாச்சே. எதுக்குத் தேய்க்காம விட்டான்?"

முனியாயி அரிசிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். பிள்ளை அந்தப் பானையைப் பார்த்தார். பிறகு சந்தனத்தைப் பார்த்தார். முகத்தில் வந்த நிம்மதி போய்விட்டது. சோலையப்பன் சாவியை அவர் கையில் கொடுத்தான். வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"பானையக் கொண்டாங்கக்கா" என்றாள் சந்தனம்.

முதலில் அவள் போட்டாள். அவன் உதட்டில் அரிசியை வைத்து, "ஏன்யா இப்படிச் செஞ்ச" என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள். பிறகு தம்பி போட்டான். பறை மறுபடி தொடங்கியது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்தார்கள். எல்லோரும் முடித்த பிறகு பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். முதலாளிமார் வாய்க்கரிசி போடுகிற வழக்கம் அங்கே இல்லை.

"நானும் போடலாமா ஆத்தா?"

சந்தனம் தலையசைத்தாள். முனியாயி ஒரு பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் உடனே போடவில்லை. கையை வெயிலுக்குக் காட்டி, விரல் நுனியால் அரிசியைப் பரப்பினார். ஒரு கல் கிடந்தது. எடுத்துக் கீழே போட்டார். இன்னொன்று கிடந்தது. பாடை தூக்க வந்தவர்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பிள்ளை குனிந்த தலை நிமிராமல் கல் பொறுக்கிக்கொண்டே நின்றார்.