இன்னும் ஒரு வருஷம்

தங்கையின் உடலை ஒருக்களித்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பெரியவளின் விரலில் அது தட்டுப்பட்டது. இடுப்புக்குக் கீழே, உள்ளாடை மறைக்கும் இடத்தில், தபால்தலை அளவுக்குத் தோலோடு தோலாக ஒட்டியிருந்த மெல்லிய பட்டை. மாதவிடாய் நின்றவர்கள் போட்டுக்கொள்ளும் ஹார்மோன் பட்டை. அதை நிறுத்திவிட்டேன் என்று தங்கை சொல்லி மூன்று வருடம் ஆகிறது.

எதிரே தோளைப் பிடித்திருந்த தங்கை மகள் அதைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

பெரியவள் பட்டையை உரித்து உள்ளங்கையில் மடக்கிக்கொண்டாள். கூடத்தில் சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். புருஷன் போய், அறுபத்தொரு வயதில் இதை ஒட்டிக்கொண்டு செத்தாள் என்று ஒருவர் வாயிலும் வரக் கூடாது.

சான்றிதழ் எழுத வந்த டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "தூக்கத்துலயே போயிருக்காங்க. என்னென்ன மருந்து எடுத்துக்கிட்டாங்க?"

"பிரஷர் மாத்திரை. வேற ஒண்ணும் இல்ல." முப்பது வருடம் தலைமை ஆசிரியையாக இருந்த பெரியவளின் குரல். அதை யாரும் மறுத்ததில்லை.

"இருக்கு டாக்டர்," என்றாள் மகள். "ஹார்மோன் பேட்ச். பதினோரு வருஷமா."

"யாரும் நிறுத்தச் சொல்லலையா?"

"வருஷா வருஷம் அவங்க டாக்டரோட பேசித்தான் முடிவு பண்ணுவாங்க. இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்னு. நடுவுல நாலு மாசம் நிறுத்தினாங்க. கோர்ட்ல சுருக்கெழுத்து எடுக்கறப்ப வேர்த்து நோட்டே நனைஞ்சிடும். ஜட்ஜ் சொன்ன வாக்கியம் பாதியில மறந்துபோச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதாங்க."

நடுவில் ஏன் நிறுத்தினாள் என்று மகள் சொல்லவில்லை. "யாருக்குக் காட்ட இன்னும் குமரியா இருக்கணும்?" என்று ஒரு விருந்தில், தம்பி பெண்டாட்டி முன்னால் கேட்டது பெரியவள்தான்.

"இதனாலதான்னு சொல்ல முடியாது. ஆனா எழுதணும்," என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெரியவள் கதவைச் சாத்தினாள். "என்கிட்ட எதுக்குடி பொய் சொன்னா?"

மகள் தாயின் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "எப்பவும் வயித்துலதான் ஒட்டிப்பாங்க, பெரியம்மா. உங்க வீட்டுக்கு வர்றதா இருந்தா மட்டும் பின்னாடி. 'உங்க பெரியம்மாவுக்கு எக்ஸ்ரே கண்ணுடி'ன்னு சிரிப்பாங்க." கடைசி முடியையும் ஒதுக்கிவிட்டு, "இன்னைக்கு மத்தியானம் உங்க வீட்டுக்குத்தானே சாப்பிட வர்றதா இருந்தாங்க," என்றாள்.

பெரியவள் போர்வையின் ஓரத்தை இழுத்துவிடப் போனாள்.

"நான் பாத்துக்கறேன்."

கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளைக் கண்டதும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். உட்காருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.