வீட்டுக்குக் கூப்பிடாதே

லமார் ஸ்டாக்கர் இருபத்தேழு வருஷமாகக் காத்திருந்தது இருபத்தேழு வினாடியில் முடிந்துபோனது. புதன்கிழமை காலை ஏழு ஒன்பதுக்கு, ஓட்ஸ் கஞ்சியில் பழுப்புச் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். தரை ஒரு தூக்குத் தூக்கியது, நாலு உலுக்கு உலுக்கியது, மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அதற்குள் மனுஷன் கஞ்சிக் கிண்ணத்தோடு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருந்தார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. அறுபத்தெட்டு வயது முட்டி அந்த வேகத்தில் மடங்கும் என்று சொன்னால் அவருடைய டாக்டர் சிரித்திருப்பார்.

ஆட்டம் நின்றதும் ஒரு பதற்றமும் இல்லாமல் வேலையை ஆரம்பித்தார். கட்டிலடியில் தயாராக இருந்த கனத்த பூட்ஸை மாட்டிக்கொண்டார். ஆணியில் தொங்கிய மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்தார். பின்பக்கம் போய் எரிவாயு மீட்டரை மோந்து பார்த்தார். வாசனை இல்லை, அதனால் மூடவில்லை. விவரம் தெரியாதவன்தான் பயத்தில் முதலில் மூடுவான். பிறகு திறந்துவிட எரிவாயுக் கம்பெனி ஆள் வருவதற்குள், வீட்டைச் சூடாக்க வழியில்லாமல் வாரக்கணக்கில் குளிரில் நடுங்குவான். லமார் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

கடைசியாக விளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். கோதுமை வாளிகள் சுவரோரமாக அப்படியே நின்றன. பீச் பழப் பாட்டில்கள் முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொரு அலமாரித் தட்டின் விளிம்பிலும் அவர் அடித்து வைத்திருந்த மரச் சட்டம் ஒரு பாட்டிலைக்கூட விழவிடவில்லை. ஒன்றே ஒன்றுகூட! சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. "பாத்தியா நோலா?" என்று சொல்லிவிட்டுத்தான் வாயை மூடிக்கொண்டார். மனைவி நோலா போய் ஆறு வருஷமாகிவிட்டது. அந்த முந்நூறு பாட்டிலையும் பார்த்து வியக்க அந்த வீட்டில் இப்போது ஈ காக்கை கிடையாது.

யூட்டாவில் அவருடைய தேவாலயச் சபைக்காரர்கள் வீட்டில் கொஞ்சம் தானியமும் தண்ணீரும் சேர்த்து வைப்பது புதிதல்ல. கஷ்டகாலம் வந்தால் தன் குடும்பமும் பக்கத்து வீடும் பட்டினி கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். எல்லோரும் சேர்க்கிறார்கள், மறந்தும் போகிறார்கள், பத்து வருஷம் கழித்துப் பால்பவுடரை எடுத்து முகத்தைச் சுளிக்கிறார்கள். லமாருக்குத்தான் கொஞ்சம் என்கிற கணக்கே தெரியாது. நிலநடுக்கம், மின்வெட்டு, பஞ்சம், கலவரம், லாரி வராமல் கடைகள் காலியாகும் நாள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திட்டம் எழுதி வைத்திருந்தார். பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே அதை மனப்பாடம் செய்தார்கள்.

அந்தத் திட்டங்கள் எல்லாவற்றிலும் முதல் விதி ஒன்றுதான். வீட்டுக்குக் கூப்பிடாதே. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் போனை எடுத்தால் உள்ளூர்த் தொடர்பு அடைத்துக்கொள்ளும், வெளிமாநிலத்துக்கு மட்டும் போகும். ஆகவே யார் எங்கே இருந்தாலும் நெப்ராஸ்காவில் இருக்கும் வெல்டா அத்தைக்குக் கூப்பிட வேண்டும். வெல்டா லமாருடைய அக்கா. அவளிடம் பேர்களும் ஒவ்வொரு பேருக்கும் மூன்று கேள்விகளுமாக லமார் எழுதிக் கொடுத்த ஒரு தாள் இருக்கும். கூப்பிட்டவர்கள் விவரத்தை அதில் எழுதிக்கொள்வாள். வீடு தலைமையகம். தலைமையகம் இரண்டு மணி நேரம் யாரையும் அழைக்காது, அழைப்பையும் எடுக்காது. பிறகு ஒரே ஒரு தடவை வெல்டாவுக்குப் போட்டு எல்லா விவரத்தையும் வாங்கிக்கொள்ளும். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் சபையின் மாநாடு நடக்கும் சனிக்கிழமையன்று இதை ஒத்திகை பார்ப்பார்கள். ஒரு தடவை கடைக்குட்டி ஜானீல், ஏழு வயசுப் பிள்ளை, பதறிப்போய் நேரே வீட்டுக்கே போன் போட்டுவிட்டாள். லமார் எடுக்கவே இல்லை. அது அடித்து ஓயும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். என்ன மனுஷனோ!

அதே ஜானீல்தான் ஆறு வருஷமாக அவரோடு பேசுவதில்லை. நோலாவுக்குக் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்த மத்தியானம், பிள்ளைகள் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். லமார் நிலவறையில் கோதுமை வாளிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். மேலே அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார அவரால் முடியவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அடக்கம் முடிந்த அன்றைக்கு ஜானீல் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "அம்மா சாகுறப்பவும் உங்களுக்கு வாளிதான் முக்கியமாப்பா?" அவள் காரில் ஏறிப் போனவள்தான்.

ஊர் இருக்கும் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் அவள் தனியாகக் குடியிருக்கிறாள் என்பது மூத்த மகன் பிரென்ட் மூலமாகத் தெரியும். மேற்குப் பக்கம்தான் அடி பலம் என்று பேட்டரி ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. செங்கல் கட்டடங்களின் முகப்பு இடிந்து விழுந்திருக்கிறதாம். லமார் மணியைப் பார்த்தார். ஏழு ஐம்பது. ஒன்பது ஒன்பதுக்குத்தான் வெல்டாவை அழைக்கலாம். கைபேசியை வழக்கப்படி அணைத்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தாகிவிட்டது. சமையலறைச் சுவரில் கம்பி போன் இருந்தது. அதன் முன்னால் போய் நின்றார், திரும்பி வந்தார், மறுபடி போய் நின்றார். விதியைப் போட்டவனே மீறினால் அப்புறம் விதி என்ன விதி?

எட்டரைக்குக் கொஞ்சம் முன்னால், தெருவில் வீடு வீடாக நலம் விசாரித்துக்கொண்டு வந்த, அதே சபையைச் சேர்ந்த சகோதரர் டெவால்ட் வாசலில் நின்று கூப்பிட்டார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தக் குரலுக்கு அழைப்பு மணி தேவையில்லை.

"என்னய்யா லமார், ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்டுக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி நிக்கிறே! உனக்கு இன்னிக்குத்தான்யா பண்டிகை!"

"சேதம் ஒண்ணுமில்ல."

"உன் வீட்டுல எப்படிய்யா சேதம் வரும்? நிலநடுக்கமே பயந்துக்கிட்டு ஒதுங்கிப் போயிருக்கும். சரி, வம்பு பேச நேரமில்ல. கீழ்த்தெருவுல தண்ணிக் குழாய் உடைஞ்சுபோச்சு. கைக்குழந்தை இருக்கிற வீடே நாலு இருக்கு. உன்கிட்ட எத்தனை கேன் தேறும்?"

"எத்தனை வேணும்?"

"ஒரு பத்து."

"இருபதா எடுத்துக்கோ."

டெவால்ட் லமாரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "நல்லா இருப்பே. பிள்ளைங்க எல்லாம் கூப்பிட்டாங்களா?"

"எங்க அக்காவுக்குக் கூப்பிடுவாங்க. திட்டம் அப்படி."

"உனக்கு?"

"எனக்குக் கூப்பிட மாட்டாங்க."

"அது என்னய்யா திட்டம்? பெத்த அப்பனுக்குக் கூப்பிடாம!" என்று டெவால்ட் சிரித்தார். லமார் சிரிக்காததைப் பார்த்துத் தானும் நிறுத்திக்கொண்டார். "சரி சரி, கேனை வாசல்ல எடுத்து வையி. வேனோட ஒன்பது மணிக்கு வர்றேன்."

லமார் நீல நிறக் கேன்களை நிலவறையிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, வாசலில் கார் நிற்கும் சிமெண்டுத் தரையில் வரிசையாக வைத்தார். இடுப்பு முறிந்தது. வைக்க வைக்க வாய்விட்டு எண்ணினார். எண்ணாமல் அவருக்கு ஒன்றையும் வைக்கத் தெரியாது. பதினாலில் சந்தேகம் வந்து முதலிலிருந்து எண்ணினார். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. குனிந்த தலையை அவர் நிமிர்த்தவில்லை. மனசெல்லாம் இடிந்த செங்கல் முகப்புக்கு அடியில் கிடந்தது. டெவால்ட் சொன்னபடி ஒன்பதுக்கு வந்து இருபதையும் ஏற்றிக்கொண்டு போனார்.

ஒன்பது ஒன்பதுக்கு லமாரின் விரல் எண்களை அழுத்தியது. இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். மூன்றாவது தடவை மணி அடித்தது.

"டேய், உசுரோடதான் இருக்கியா!" என்று கத்தினாள் வெல்டா. எழுபத்து மூன்று வயதுக்கு நல்ல தொண்டை. "ரெண்டு மணி நேரமா இங்க ஒருத்தி நெஞ்சைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நான் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டே, நீயும் கூப்பிட மாட்டே. உன் சட்டத்துல இடி விழ!"

"தாளை வாசிக்கா."

"ஆமா, அக்கா எப்படி இருக்கேன்னு கேட்டுடாதே." காகிதம் சரசரத்தது. "பிரென்ட். ஏழு முப்பத்தொண்ணு. எங்க இருக்கே? ஆபீஸ் வண்டி நிறுத்தத்துல. காயம்? இல்ல. கூட யாரு? பெண்டாட்டியும் பிள்ளைங்களும் அங்கயே வந்துட்டாங்க. சின்னவன் கார்வர். ஏழு நாப்பது. வீட்டுல. முழங்கையில சிராய்ப்பு. கூட மாமனார், மாமியார், நாய்."

"ஜானீல்?"

வெல்டா உடனே வாசிக்கவில்லை. லமார் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, எதுவா இருந்தாலும் சொல்லிடு."

"அட, நல்லா இருக்காடா! முதல் போனே அவதான். ஏழு பதிமூணு. கட்டடத்துல முன்பக்கம் கொஞ்சம் விழுந்திருக்காம், இவ பின்பக்கம் இறங்கி வந்துட்டாளாம். கீறல்கூட இல்லன்னு சொன்னா."

லமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆள் இல்லாத வீட்டில் யாருக்காக அவசரமாகத் துடைத்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"வேற என்ன சொன்னா?"

"'அப்பா கூப்பிட்டாரா அத்தை'ன்னா. 'அவன் எங்கம்மா கூப்பிடுவான், ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான்'னேன். 'தாள்ல அவர் பேருக்கு நேரா என்ன போட்டிருக்கு'ன்னு கேட்டா. பார்த்தேன். நோலா பேரு இருக்கு, பிள்ளைங்க மூணு பேர் இருக்கு. உன் பேரே இல்லையேடா லமார்! இருபத்தேழு வருஷமா வருஷத்துக்கு ரெண்டு தடவை இந்தத் தாளைப் பார்க்கிறேன், எனக்கும் தோணல. சொன்னேன். அதுக்கு அவ, 'அப்ப அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குத் தெரியும்'னு கேட்டா. 'நான் போய்ப் பார்க்கிறேன்'னு வெச்சுட்டா."

லமார் எழுந்து நின்றுவிட்டார். "இங்கயா? இங்கயா வர்றா?" கண் சமையலறையைச் சுற்றியது. கஞ்சிப் பாத்திரம் கழுவாமல் கிடந்தது. பீச் பாட்டில் ஒன்றைத் திறக்கலாம், அவளுக்குப் பிடிக்கும். "பாலங்களை மூடியிருப்பாங்க. சுத்திக்கிட்டுத்தான் வரணும். மெதுவா வரட்டும், நான் எங்கயும் போகல—"

"லமார்."

"என்னக்கா?"

"அவ வந்துட்டுப் போயிட்டாடா."

அவர் கம்பி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எட்டு அம்பதுக்குத் திரும்பக் கூப்பிட்டா. உன் தெரு முனையில இருந்துதான். 'பார்த்துட்டேன் அத்தை, நல்லாத்தான் இருக்கார். அவருக்கென்ன? வாசல்ல கேனை அடுக்கி வெச்சுக்கிட்டு எண்ணிட்டு இருக்கார். நான் கிளம்புறேன்'னா. 'இறங்கிப் போய் ஒரு வார்த்தை பேசேன்டீ'ன்னேன். 'எண்ணுறவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்'னு சொல்லிட்டா."

சுவர்க் கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே சிறியதாக ஒரு பின்னதிர்வு வந்து ஜன்னல் கண்ணாடியைச் கிடுகிடுக்க வைத்துவிட்டுப் போனது. லமார் மேஜைக்கு அடியில் போகவில்லை.

"அது தெருவுக்குக் கொடுக்க எடுத்து வெச்சதுக்கா," என்றார். "குழாய் உடைஞ்சுபோச்சு. கைக்குழந்தைக்காரங்களுக்கு."

"சொல்றேன்டா."

"எண்ணினேன்தான். எனக்காக எண்ணல."

"சொல்றேன். நம்புவாளான்னு எனக்குத் தெரியாது."

"அவ நம்பரைக் கொடு. நானே பேசுறேன்."

"கொடுக்க மாட்டேன்னு அவளுக்கு ஆறு வருஷம் முன்னாடி வாக்குக் கொடுத்தேன். அதை இப்ப மீறினா இனிமே எனக்கும் கூப்பிட மாட்டா. அப்புறம் நம்ம ரெண்டு பேருக்கும் அவ சேதி ஒண்ணும் தெரியாமப் போயிடும்." வெல்டாவின் குரலில் அதட்டல் போய்விட்டிருந்தது. "சாயங்காலம் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கா. என்ன சொல்லணும், சொல்லு."

லமார் யோசித்தார். ஆறு வருஷமாகச் சொல்லாதது எத்தனையோ இருந்தது. நிலவறை இருந்தது, அந்த மத்தியானம் இருந்தது. அவருக்குச் சொல்லத் தெரிந்த ஒரே மொழி அந்தத் தாளில்தான் இருந்தது.

"என் பேரை எழுது," என்றார். "ஜானீலுக்குக் கீழே."

"எழுதிட்டேன். மணி ஒன்பது இருபது. எங்க இருக்கே?"

"வீட்டுல."

"காயம்?"

"இல்ல."

மூன்றாவது கேள்விக்கு முன்னால் வெல்டா கொஞ்சம் தயங்கினாள். அந்தக் கேள்வியையும் லமார்தான் எழுதி வைத்தார். தனியாக இருப்பது யார் என்று தெரிந்தால்தான் முதலில் யாரிடம் போக வேண்டும் என்று தெரியும். பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"கூட யாரு?"

"யாருமில்லக்கா," என்றார் லமார். "பெருசா எழுது."