வெறும் வயிற்றுக் காபி

அமல்தாஸ் போடும் காபியைக் குறை சொல்ல அந்த ஊரில் யாருக்கும் வாய் வந்ததில்லை. கடத்தூரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பால் சொசைட்டியில் பதினெட்டு வருஷமாகப் பால் பரிசோதிக்கிற மனிதர். பாலை மிஷினில் ஊற்றுவதற்கு முன்பே, கேன் மூடியைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிடுவார். "பெரியண்ணா, உங்க மாடு நேத்து ரொம்பத் தண்ணி குடிச்சிருச்சாட்டம் இருக்குதே" என்று சிரிக்காமல் சொல்வார். பெரியண்ணனும் சிரிக்காமல் கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார். அப்படிப்பட்டவர் வீட்டுக் காபியில் தண்ணீருக்கு ஏது இடம்? கறந்த பாலை அப்படியே காய்ச்சி, டிகாஷனை அளந்து விட்டு, நுரை பொங்க ஆற்றித் தருவார்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் காபி போட ஆரம்பித்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் இருபத்தோரு வருஷம் அவர் மனைவி சகாயராணிதான் போட்டாள். அவர் துரை மாதிரி எழுந்திருக்கும்போது தலைமாட்டில் டம்ளர் தயாராக இருக்கும். அடுப்பைப் பற்றவைக்கிற லைட்டர் எந்த ஆணியில் தொங்குகிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

சகாயராணி அங்கன்வாடி டீச்சர். முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கிற குரல் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதே குரல் பாட்டாக மாறும். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று அவள் எடுத்தால், கீபோர்டு வாசிக்கிற பையன் சுதியைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடிவர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதே குரலில் அமல்தாசுக்கு அர்ச்சனை நடக்கும். துண்டைக் கட்டிலில் போட்டது, சைக்கிளைத் துளசிச் செடிமேல் சாய்த்தது என்று தினமும் ஏதாவது கிடைத்துவிடும். அந்தத் திட்டு இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தக் குரல்தான் முதலில் போனது. கரகரவென்று அடைத்துக்கொண்டது. பிறகு முகம் உப்பியது, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, அவள் குளிருது என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். வயசாகிறது என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். ஒருநாள் காலையில் அடுப்படியில் நின்றவாக்கிலேயே தூங்கிவிட்டாள். பால் பொங்கி, அடுப்பை அணைத்து, தரையெல்லாம் ஓடியது. தரையில் ஓடிய பாலைப் பார்த்துத்தான் அமல்தாசுக்கே உறைத்தது.

தருமபுரியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்குதுங்க. உடம்புக்கு வேகம் குடுக்கறதே அதுதான். அது சோம்பிப்போச்சு. அது சுரக்கவேண்டியதை நாம மாத்திரையா குடுத்துடலாம். பயப்பட ஒண்ணுமில்ல. தெனமும் காலையில வெறும் வயித்துல போடணும், அவ்வளவுதான்."

வெறும் வயிறு என்றால் அமல்தாசுக்கு இட்லிக்கு முந்தைய வயிறு. காபியை அந்த வீட்டில் யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி இருப்பார்கள். ஒரே வேளைச் சாப்பாடு, மற்றபடி பச்சைத் தண்ணீர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் மத்தியானத்துக்குள் இரண்டு தடவை காபி உள்ளே போயிருக்கும். அதைச் சாமியாரும் கேட்டதில்லை, சாமியும் கேட்டதில்லை.

மறுநாள் விடிகாலை நாலரைக்கு அமல்தாஸ் எழுந்தார். மாட்டைக் கறந்தார், லைட்டரைத் தேடி எடுத்தார், வாழ்நாளில் முதல் காபியைப் போட்டார். ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் டம்ளரோடு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"என்னாங்க இது?" என்றாள் சகாயராணி, எழுந்து உட்கார்ந்து.

"வெறும் வயித்துல போடச் சொன்னாங்க இல்ல? டக்குனு மாத்திரைய வாயில போட்டு, சூடா காபிய குடி."

அவள் டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கக் கலக்கம் என்று அவர் நினைத்தார். அன்றிலிருந்து மாத்திரையும் காபியும் ஒரு நாளும் பிரிந்ததில்லை.

ஐம்பது மைக்ரோகிராமில் ஆரம்பித்த மாத்திரை எழுபத்தைந்தாயிற்று, நூறாயிற்று. ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்குவார். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா? வெறும் வயித்துலதான?"

சகாயராணி வாயைத் திறப்பதற்குள் அமல்தாஸ் முந்திக்கொள்வார். "நானே கையில குடுக்கறேங்க டாக்டர். ஒரு நாள் தவறுனது கெடயாது."

மாத்திரை நூற்றிருபத்தைந்தாயிற்று, நூற்றைம்பதாயிற்று. கழுத்தை ஸ்கேன் எடுத்தும் பார்த்தார்கள், கட்டி கிட்டி ஒன்றும் இல்லை. அமல்தாஸ் தன் பங்குக்கு, தெம்பு வரட்டும் என்று இன்னும் கெட்டியான பாலில் காபி போட்டார். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். துண்டு கட்டிலிலேயே கிடந்தது. அவர் வேண்டுமென்றே சைக்கிளைத் துளசிமேல் சாய்த்துப் பார்த்தார். அவள் பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று அமல்தாஸ் மாட்டுக்கொட்டகைக்குப் போய் அழுதார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ராணி பழையபடி முன்வரிசையில் நின்று பாட வேண்டும், வீட்டுக்கு வந்து தன்னைத் திட்ட வேண்டும்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வந்தவர் ஒரு முடிவோடு வந்தார்.

"ராணி, நான் சாமிகிட்ட பொருத்தனை பண்ணிக்கிட்டேன். ஈஸ்டர் வரைக்கும் நம்ம வூட்டுல காபியும் கெடயாது, பாலும் கெடயாது. உனக்கு நல்லாவணும்னுதான்."

சகாயராணியின் முகம் சட்டென்று வாடிவிட்டது. "உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கஷ்டம்?"

"எனக்கு என்னா கஷ்டம்?" என்றார் அவர். அன்று சாயந்தரமே அவருக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. காபிக்கு ஏங்குகிறாள் போல என்றுதான் அவள் முகத்தைப் பற்றி நினைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து மாத்திரையையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துவிட்டு, கறந்த பாலையெல்லாம் அப்படியே சொசைட்டிக்கு எடுத்துப் போனார். அவள் மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, எட்டு மணிக்குச் சாப்பிட்டாள்.

மூன்றாவது வாரம் அதிசயம் நடந்தது. சொசைட்டியிலிருந்து வந்து துண்டைக் கட்டிலில் போட்டவர் காதில், "எத்தன தடவ சொல்றது உங்களுக்கு?" என்று விழுந்தது. அமல்தாஸ் அப்படியே நின்றுவிட்டார். "இன்னொரு தடவ சொல்லு" என்றார். அவள் சொன்னாள், கூடவே நாலு சேர்த்தும் சொன்னாள். அவர் ஓடிப்போய் அந்தோணியார் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார். முகத்து உப்பல் வடிந்தது, போர்வை பெட்டிக்குள் போனது. கரகரப்புக்கு அடியிலிருந்து குரல் மெல்ல மேலே வந்தது. ஈஸ்டருக்கு முன்வரிசையில் வந்து நில்லுங்க என்று பாடகர் குழுவிலும் சொல்லிவிட்டார்கள். ஊரெல்லாம் போய் அமல்தாஸ் தன் பொருத்தனையின் மகிமையைப் பேசினார். பெரியண்ணனின் பாலில் தண்ணீர் இருந்தும் இரண்டு நாள் கண்டும் காணாமல் விட்டார்.

ஐந்தாவது வாரம் அதிசயம் எல்லை மீறியது. சகாயராணி தூங்குவதில்லை. கோழி கூவுமுன் எழுந்து, துடைத்த இடத்தையே துடைத்தாள். வேர்த்துக் கொட்டியது. சாம்பார் ஊற்றும்போது கரண்டி தட்டில் தடதடவென்று அடித்தது. கோயிலில் பாட்டுப் பழகும்போது பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி குதித்து ஓடியது. கிடைத்ததெல்லாம் கையைவிட்டுப் போகப்போகிறது என்று அவர் பயந்துபோனார். மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு தருமபுரிக்கு பஸ் ஏறினார்.

டாக்டரம்மா ரிசல்ட்டை இரண்டு முறை படித்தார். "இப்ப மாத்திரை அதிகமாயிருச்சு. போன தடவ பத்தாம இருந்தது, அதே மாத்திரை இப்ப தாங்க முடியாத அளவு வேலை செய்யுது. நடுவுல என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலீங்க" என்றார் அமல்தாஸ்.

"காலையில எந்திரிச்சதிலருந்து நடக்கறத வரிசையா சொல்லுங்க."

அமல்தாஸ் நிமிர்ந்து உட்கார்ந்து, பொருத்தனையைப் பற்றி விலாவாரியாகச் சொன்னார். முன்பு எப்படிக் கறந்த பாலில் காபி போட்டு மாத்திரையோடு கையில் கொடுப்பார், இப்போது எப்படி வெறும் தண்ணீர் வைக்கிறார், எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, ரெண்டு வருஷமா காபியோடவா மாத்திரை போட்டாங்க?"

"ஆமாங்க. வெறும் வயித்துலதான்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "காபியும் பாலும் அந்த மாத்திரைய உடம்புல சேரவிடாதுங்க. பாதி வீணாப் போயிருக்கும். சேரலன்னு தெரியாம நான் ஏத்திக்கிட்டே போயிட்டேன். இப்ப தண்ணியில போட்டதும் மொத்தமும் சேர்ந்து, படபடப்பு வந்திருச்சு. வெறும் வயித்துலயான்னு கேட்டேனே தவிர, காபி குடிப்பீங்களான்னு நானும் கேக்கல பாருங்க." நூறாகக் குறைத்து எழுதினார். "தண்ணியில மட்டும் போடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு மத்ததெல்லாம். ஆறு வாரத்துல மறுபடி பாப்போம். சரியாயிடும்."

பஸ்ஸில் அமல்தாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரார் பாலில் ஒரு கரண்டித் தண்ணீர் கலந்தால் கண்டுபிடிக்கிறவர். தன் வீட்டு மாத்திரையில் தானே தினம் பாலைக் கலந்ததைக் கண்டுபிடிக்கவில்லை. ஆசை ஆசையாக ஆற்றி ஆற்றி, பெண்டாட்டியின் குரலை அவரே அல்லவா இரண்டு வருஷம் அடைத்து வைத்திருக்கிறார்?

"எல்லாம் என்னால ராணி" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே.

"உங்களால இல்லீங்க" என்றாள் சகாயராணி. கொஞ்ச தூரம் போனதும், "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"காபியோட போடக் கூடாதுன்னு. போன வருஷம் அங்கன்வாடி மீட்டிங்குக்கு வந்த நர்ஸம்மா சொன்னாங்க. தண்ணியிலதான் போடணும், ஒரு மணி நேரம் ஒண்ணும் குடிக்கக் கூடாதுன்னு."

அமல்தாஸ் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "ஒரு வருஷமாவா? ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?"

"காபிய நிறுத்தியிருப்பேன்!"

"அதான் சொல்லல."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்கம்மா வூட்டுல நான்தான் மூத்தவ. எல்லாருக்கும் காபி போட்டுக் குடுத்துட்டுக் கடைசியில குடிப்பேன். கல்யாணமாகி வந்து உங்களுக்கு இருபத்தோரு வருஷம் குடுத்தேன். எனக்கு யாரும் ஒரு நாளு குடுத்தது கெடயாதுங்க. கண்ணு முழிச்சதும் பக்கத்துல ஒருத்தர் டம்ளரோட நிக்கறாங்க. அத விட்டுற எனக்கு மனசு வரல. கொஞ்சம் ஒடம்புதான, இருந்துட்டுப் போவுதுன்னு நெனச்சேன்."

"பாட்டு?"

"பாட்ட விட்டுறலாம்னு நெனச்சேன்" என்றாள் சகாயராணி.

அமல்தாசுக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவள் பாட்டை விடுவதா? ஒரு டம்ளர் காபிக்காகவா? காபிக்காக இல்லை என்பதும் அவருக்குப் புரிந்துதான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தோளில் துண்டைத் தேடினார். அது வழக்கம்போல் கட்டிலில் கிடந்தது. அவள் தன் முந்தானையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பஸ் கடத்தூரில் நிற்கும்வரை அவர் அதை விடவில்லை.

படபடப்பு இரண்டு வாரத்தில் அடங்கியது. ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி நடக்கும் பாஸ்கா பூசையில் சகாயராணி முன்வரிசையில் நின்றாள். குரல் முழுசாகத் திரும்பவில்லை, மேலே போகிற இடத்தில் லேசாக உடைந்தது. அமல்தாஸ் ஆண்கள் பக்கத்தில் நின்று, உடைந்த இடத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஈஸ்டரோடு பொருத்தனை முடிந்தது. மறுநாள் காலை நாலரைக்கு அவர் எழுந்து, மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார். அவள் விழுங்கிவிட்டுக் காலைக் கீழே வைத்தாள்.

"எங்க போற? படு."

"வேல கெடக்குதுங்க."

"ஒரு மணி நேரம் கட்டிலவிட்டு எறங்கக் கூடாது. வாசல நான் தெளிக்கறேன். சொசைட்டிக்கு லேட்டாத்தான் போவேன்னு செக்ரட்டரிகிட்ட சொல்லிட்டேன்."

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். யார் கேனுல எவ்வளவு தண்ணின்னு எனக்குத் தெரியும்."

அவள் சிரித்துக்கொண்டே படுத்தாள். அவர் வாசல் தெளித்தார், மாட்டைக் கறந்தார், டிகாஷனை இறக்கினார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சொசைட்டி வாசலில் இந்நேரம் கேன்கள் வரிசையாக நிற்கும். நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். அடுப்படி தாண்டி, வாசல் தாண்டி, தெருமுனைவரை கேட்கிற மாதிரி உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, ஒரு மணி நேரம் ஆச்சா?"

"இன்னும் பத்து நிமிஷம்" என்றார் அமல்தாஸ், டம்ளரைக் கழுவிக்கொண்டே.