அசையாத நீர்மட்டம்

நகரப் பெருமக்களே, செவி கொடுங்கள்! நமது ஊரின் நிலத்தடி நீர்மட்டம் மூன்று வருடங்களாக ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை.

பெரிய அதிகாரி மேடையில் இதை முழங்கியபோது, அந்த நீர்மட்டமே தம்மிடம் கைகட்டி நிற்பதுபோல் இருந்தது அவர் தோரணை. அந்த மகிழ்ச்சியில் இன்னும் நாற்பது போர்க்கிணறு போட அனுமதி கொடுத்தார். மாதாமாதம் அளந்து எழுதிய ஊழியனுக்கு ஒரு கேடயம். அவன் குனிந்த தலை நிமிராமல் வாங்கிக்கொண்டான். என்ன அடக்கம் என்றார்கள்.

அடக்கமாவது, மண்ணாங்கட்டியாவது. அளக்கும் டேப்பின் நுனியில் ஓர் ஈயக்குண்டு உண்டு. சோதனைக் கிணற்றின் குழாய்க்குள் இறக்கினால் தண்ணீரைத் தொட்டதும் ‘தொபுக்’ என்னும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, இருநூறு அடி டேப்பும் முழுசாக இறங்கியும் குண்டு வாய் திறக்கவில்லை. படிவத்தில் ‘எட்டவில்லை’ என்று எழுதிக்கொண்டு போனான்.

“இந்தக் கட்டத்துல நம்பர்தான்யா எழுதணும். கதை எழுதாதே” என்றார் மேலாளர்.

இருநூறு என்று எழுதினான். அடுத்த மாதமும் இருநூறு. பிறகு டேப்பைப் பையிலிருந்து எடுப்பதையே விட்டுவிட்டான். கை மட்டும் எழுதியது.

விழா முடிந்ததும், கேடயத்தைக்கூட எங்கும் வைக்காமல், அக்கா வீட்டுக்கு ஓடினான். அங்கே போர் வண்டி காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்தது. எவ்வளவு ஆழம் போகலாம் என்று அக்கா போன வாரம் கேட்டபோதும், வாய்ப் பழக்கத்தில், இருநூறு என்றுதான் சொல்லியிருந்தான்.

“வாடா, தண்ணி மந்திரி! முன்னூத்தி நாப்பது அடி போயாச்சு. புழுதிதான் வருது.”

“உன் தம்பி அளந்தா கடலும் இருநூறு அடிதான்” என்றார் மாமா.

“அக்கா… டேப்பு அவ்வளவுதான் நீளம்.”

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. “அப்போ தண்ணி?”

“தெரியாதுக்கா.”

“எப்போலேர்ந்து தெரியாது?”

“மூணு வருஷமா.”

வெள்ளைப் புழுதி அவள் தலையிலும் அவன் கேடயத்திலும் ஒரே சீராகப் படிந்துகொண்டிருந்தது. கேடயத்தை வாங்கி, உள்ளங்கையால் ஒரு தரம் துடைத்து, அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி, டேப் போதவில்லை என்று மனு கொடுத்தான். விருது வாங்கியவனின் மனு அல்லவா, ஒரே வாரத்தில் புது டேப் வந்தது.

அதுவும் இருநூறு அடி.