பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

புதுக் கம்ப்யூட்டர் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. அவரும் ஒரே ஒரு சொல்லில்தான் பதில் சொன்னார். மனைவி கேட்கும் கேள்விகளுக்கும் அவர் அப்படித்தான் பதில் சொல்வார் என்பதால், இதில் ஆபத்து இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பழைய கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுபோயிருந்தது. போனால் போகட்டும் என்று அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். அதிலிருந்த பாட்டுகள் அத்தனையும் உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்தன. வாராவாரம் அந்த டிஸ்க்கை மாட்டுவார். அதற்கென்றே இருந்த ஒரு மென்பொருள், கம்ப்யூட்டரில் இருப்பது போலவே டிஸ்க்கையும் மாற்றிவைக்கும். அதையே புதுக் கம்ப்யூட்டரிலும் ஏற்றினார். டிஸ்க்கை மாட்டினார். 'இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கவா?' என்று அது கேட்டது. ஆமாம் என்று தட்டினார்.

ஆக்கிவிட்டது. புதுக் கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை. இப்போது டிஸ்க்கிலும் ஒன்றும் இல்லை.

அவர் மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். மாலையில் அவள் வீட்டுக்கு வந்தபோது பின்னறையில் சத்தமே இல்லை. அது அவர் வேலை செய்யும் அறை. பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். மேஜை முழுக்க மேல்வரிசையும் கீழ்வரிசையுமாகப் பற்கள் இளித்துக்கொண்டிருக்கும். நடுவில் அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு குனிந்திருப்பார். "இந்த ரூம்ல இத்தனை வாய் இருக்கு, பேசறது நான் ஒருத்திதான்" என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

"என்னங்க, பாட்டு ஓடலையா?"

"இல்ல."

"கரண்ட் இருக்கே."

"பாட்டுதான் இல்ல."

அவர் நடந்ததைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் அவர் விடும் இடைவெளியில் ஆள் கைகால் கழுவிக்கொண்டு வந்துவிடலாம். அவள் அப்படியே செய்தாள்.

"ஒரே மாதிரி ஆக்கவான்னு கேட்டுச்சு. நீங்களும் ஆமான்னீங்க."

"ம்."

"சொன்ன பேச்சைக் கேக்கற ஒண்ணு இந்த வீட்ல வந்து சேந்திருக்கு. அதைப் போய்க் குத்தம் சொல்றீங்க."

அவர் சிரிக்கவில்லை. அதைக் கண்டபிறகு அவளும் விளையாட்டை நிறுத்தி, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். போனது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

அவர் பாட்டுகளை ஒவ்வொன்றாக வாங்குவார். மாதச் சந்தா கட்டினால் ஊர்ப்பட்ட பாட்டையும் கேட்கலாமே என்று அவள் தம்பி சொன்னபோது, "கேக்கலாம், நம்மகிட்ட இருக்காது" என்றார். வாங்கினதை வாங்கினபடியே வைக்கவும் மாட்டார். ஒரு பாட்டு முடிந்த கையோடு அடுத்தது தொடங்குவது, ஒருவர் சொல்லி வாய் மூடுவதற்குள் இன்னொருவர் குறுக்கே விழுவது போல அவருக்கு இருந்தது. அதனால் ஒவ்வொரு பாட்டின் வாலிலும் கொஞ்சம் மௌனத்தை ஒட்டவைப்பார். ஒன்றுக்கு, மூச்சை இழுத்து விடும் அளவு போதும். இன்னொன்றுக்கு, ஒரு பல்லைத் தேய்த்து, தூளை ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கீழே வைக்கும்வரை வேண்டும். பாட்டை மறுபடி மறுபடி கேட்டு, மனம் எந்த இடத்தில் அடுத்ததற்குத் தயாராகிறதோ அங்கே வெட்டுவார். ஒரு பாட்டுக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். அப்படிப் பல வருஷத்துச் சாயங்காலங்கள் அந்த டிஸ்க்கில் இருந்தன.

மறுநாள் இருவரும் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பெண் அதைக் காதருகே வைத்துக் கேட்டாள், பிறகு தன் மெஷினில் மாட்டினாள்.

"இத்தனை நாள் நீங்க வச்சிருந்தது நகல் இல்ல சார், நிலைக்கண்ணாடி. முன்னால யார் வந்து நின்னாலும் அவங்களைத்தான் காட்டும். காலியான ஆள் வந்து நின்னாரு, காலியா காட்டிடுச்சு." அவள் விசைகளைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "பரவாயில்ல, அழிச்சாலும் உள்ள கொஞ்ச நாள் இருக்கும். மேல எதையும் எழுதாம இருந்தா எடுத்துடலாம். எழுதலையே?"

அவர் பேசாமல் இருந்தார். கடைக்காரப் பெண் அந்த மௌனத்தை இல்லை என்று எடுத்துக்கொண்டாள். மனைவிக்கு அந்த அனுபவக்குறைவு கிடையாது.

"எதைப் போட்டீங்க?"

"டிஸ்க் வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு..."

"எதைங்க?"

"பல் போட்டோ."

"எத்தனை?"

"எல்லாம்."

இத்தனை வருஷம் செய்த பல் செட் அத்தனையையும் நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்துப் பென் டிரைவ்களில் வைத்திருப்பவர் அவர். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பாட்டு இருந்த இடத்துல பல்லு முளைச்சிடுச்சும்மா" என்று கடைக்காரப் பெண்ணிடம் விளக்கினாள்.

தோண்டியதில் துண்டுதுண்டாகத்தான் கிடைத்தது. ஒரு பாட்டின் தொடக்கம், வேறொன்றின் நடு, ஒரு தபேலாவின் பாதி அடி. எதிலும் வால் இல்லை. "காசு குடுத்து வாங்கினதுதானே சார்? வித்தவங்ககிட்டயே உங்க கணக்குல இருக்கும். மறுபடி இறக்கிக்கலாம்" என்றாள் கடைக்காரப் பெண். "இறக்கினதும் ரெண்டு நகல் போடுங்க. ஒண்ணு வீட்ல, ஒண்ணு வெளில. அந்த ஒரே மாதிரி ஆக்கற சமாசாரம் வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் அந்தப் பாட்டுக் கடையைத் திறந்தார்கள். கடவுச்சொல் அவருக்கு நினைவில்லை. அப்படியானால் நீங்கள் எப்போதோ பதிந்த ரகசியக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்றது அது. கேள்வி: 'உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு எது?'

"இது சுலபம்" என்றாள் மனைவி.

சுலபமாக இல்லை. அவள் ஒன்று சொன்னாள், தவறு. அவர் ஒன்று போட்டார், அதுவும் தவறு. இன்னும் ஒரு தடவைதான் விடுவேன் என்று அது மிரட்டியது. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வெளியே யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்து, முடியாமல் விட்டு, மறுபடி கிளப்பிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவர் கண்ணைத் திறந்து, இரண்டு விரலால் மெல்லத் தட்டினார்: 'சொல்ல மாட்டேன்.'

கதவு திறந்தது.

அவள் சிரித்த சிரிப்பில் மேஜை மேல் இருந்த ஒரு கீழ்வரிசை உருண்டு விழுந்தது. "மெஷின்கிட்டயுமாங்க? அதுகிட்டயுமா வாயைத் திறக்க மாட்டேன்னுட்டீங்க?" அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

வாங்கின பாட்டு ஒன்று விடாமல் இறங்கியது. அவளே ஒன்றை ஓடவிட்டாள். நல்ல பாட்டு. முடிந்தது, முடிந்த மறுநொடி அடுத்தது வந்து மோதியது. அதன் பின்னாலேயே இன்னொன்று. நிறுத்தத்தில் பஸ் நிற்பதற்குள் இறங்கப் பார்க்கும் பிள்ளைகள் மாதிரி இருந்தது அவளுக்கு. அவர் எட்டி நிறுத்தினார்.

"வாங்கினது வந்துடுச்சு" என்றார். "நான் போட்டது வரல."

அதன்பின் பின்னறையில் பாட்டு ஓடவில்லை. அவர் பேசாமல் இருப்பது புதிதில்லை. ஆனால் முன்பெல்லாம் பாட்டு கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். இப்போது வெறுமனே பேசாமல் இருந்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவளைச் சமையலறை வரை துரத்தியது. ஒரு மேல்வரிசையில் முன்பல் கோணிப்போய் டாக்டரிடமிருந்து திரும்பி வந்தது. அதுவரை அப்படி நடந்ததே இல்லை.

அப்போதுதான் அவளுக்குத் தம்பியின் நினைவு வந்தது. முடி வெட்டும் கடை வைத்திருக்கிறான். கடையில் போட என்று ஒருசமயம் எல்லாவற்றையும் பென் டிரைவில் நகல் எடுத்துப் போயிருந்தான். மௌனத்தோடுதான்.

கடையில் அவன் ஒருவருக்குக் கழுத்தோரம் மழித்துக்கொண்டிருந்தான். மாமா தன் கடைக்கு வந்த அதிசயத்தில் கத்தியைத் துடைத்துவிட்டு நாற்காலி போட்டான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் உட்காராமல் அது முடியக் காத்திருந்தார். முடிந்தது. அடுத்தது உடனே தொடங்கியது.

"டேய், நடுவுல ஒண்ணும் இல்லாம இருக்குமே, அது எங்கடா?" என்றாள் அக்கா.

"அதுவா? ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னாடி செத்துப்போய்க் கிடந்துச்சுக்கா. ஏதோ பதிவு கோளாறுன்னு ஆள் வச்சு எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டேன்." அவன் பெருமையாக மாமாவைப் பார்த்தான். "நீங்க காசு எதுவும் தர வேண்டாம் மாமா."

அவர் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னக்கா இவர், இப்படிப் பாக்கறாரு? பாட்டு நின்னா கஸ்டமர் கரண்ட் போச்சான்னு தலையைத் தூக்கறான். ஒரு தடவை ஒருத்தர் காதையே..." நாற்காலியில் இருந்தவர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இவர் மறுபடி போட்டதும் ஒரு நகல் உன்கிட்ட இருக்கணும்டா" என்றாள் அவள். "சாமி ரூம்ல வைக்கற மாதிரி வை. ஆனா நல்லது பண்றேன்னு அதைத் தொட்டுடாத. உன் கை முடி மேல மட்டும் இருக்கட்டும்."

"வெட்டினதை ஒட்டித் தரவா மாமா?"

"வேண்டாம் மாப்ள" என்றார் அவர். வந்ததிலிருந்து அவர் பேசியது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஒரு பாட்டை எடுத்தார், பின்னால் கொஞ்சம் இடம் விட்டார், கேட்டார். கூட்டினார், குறைத்தார். முன்பு எங்கே நிறுத்தினோம் என்று பிடிபடவில்லை. பயத்தோடு கேட்கிற காதுக்கு எல்லா அளவும் ஒரே மாதிரிதான் இருந்தது.

அடுத்த அறையில் அவள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் வந்துடுச்சு" என்று அங்கிருந்தே குரல் வந்தது.

அவர் கையை எடுத்தார். "என்னது?"

"அடுத்த பாட்டு. இதுக்கு அப்புறம் நான் காலரை ஒரு பக்கம் தேச்சு, திருப்பிப் போட்டு, மறுபக்கமும் தேச்சுடுவேன். அப்புறந்தான் வரும்."

அவர் கூட்டினார். ஓடவிட்டார். அடுத்த பாட்டு வந்தபோது அவள் காலரைக் கீழே வைத்தாள். அவருக்கும் அது சரியென்று பட்டது. தொலைந்த சாவி தானாகக் கைக்கு வந்தது போல. அவள் இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு வந்து பற்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். இதில் தண்ணி குடிச்சுட்டு டம்ளரைக் கவுத்திடுவேன், இதில் ஜன்னல் ரெண்டையும் சாத்திடுவேன், இது ரொம்பக் குறைச்சல், தும்மக்கூட முடியாது என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்த அறையின் சுவருக்கு அப்பால் இருந்துகொண்டு அத்தனையையும் கேட்டிருக்கிறாள் என்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

ஒரு பாட்டில் மட்டும் ஒத்துப்போகவில்லை.

"இதுக்கு நீங்க இடமே விட்டதில்ல" என்றாள்.

"விட்டேன். இருக்கறதுலயே நீளம் இதுக்குத்தான்."

"எனக்குக் காதுல விழுந்ததே இல்லையே."

"விழாது. நீ பேசிட்டிருப்ப."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நீ செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டா இதைத்தான் போடுவேன். நீ கைகால் கழுவிட்டு உள்ள வர்றப்ப முடிஞ்சிருக்கும்."

பஸ்ஸில் யார் யாரை அடித்தார்கள், யார் இறங்கமாட்டேன் என்று அழுதார்கள் என்று தினமும் அந்த வாசலில் சாய்ந்து அவள் கொட்டித் தீர்ப்பது வழக்கம். தான் வந்ததும் அவர் பாட்டை நிறுத்திவிடுகிறார் என்றே அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

"எவ்வளவுங்க அது?"

"தெரியல. அப்பல்லாம் நீ பேசறதை வச்சுத்தான் வெட்டினேன். இப்ப பேசு, அளந்துக்கறேன்."

பாட்டை ஓடவிட்டார். முடிந்தது. திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. அவர் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"இப்படி உத்துப் பாத்தா எப்படிங்க பேசறது?"

"இதுவும் அளவுல சேருது."

அவள் எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள். திரும்பி வந்தாள். மேஜையில் இளித்துக்கொண்டிருந்த வரிசையைத் தொட்டு நேராக வைத்தாள். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் மெல்ல நாற்காலியைத் திருப்பி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கோணலாகிப்போன அந்த முன்பல்லை எடுத்து அரத்தால் தேய்க்க ஆரம்பித்தார்.

அவள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"அந்த மூணாவது சீட்டுப் பொண்ணு இருக்காளே," என்று தொடங்கினாள், "நேத்து என்ன பண்ணினா தெரியுமா..."

அவள் சொல்லி முடித்த பிறகும் அவர் எண்களை உடனே நிறுத்தவில்லை.