முயல் வருடம்

"இது இன்டர்வியூ இல்ல, செரிசாவா-சான். சும்மா ஆபீஸைச் சுத்திப் பார்க்கப் போறோம். என்ன கேட்டாலும் சிரிங்க," என்றான் குமகாய், லிஃப்டில். அவன் ஏஜென்சிப் பையன். என்னைக் கம்பெனிகளுக்குத் தற்காலிக வேலைக்கு அனுப்பிவைப்பது அவன் வேலை.

ஏஜென்சி அனுப்பும் ஆளை, கம்பெனி நேரில் பார்த்துப் பொறுக்கியெடுக்கக் கூடாது என்று சட்டம். அதனால் பொறுக்குவதற்கு 'சுற்றிப் பார்ப்பது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே பிரிவில் மூன்று வருடத்துக்கு மேல் எங்களை வைத்திருக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம். எங்கள் நன்மைக்காம்! அந்த நன்மையில்தான் போன மாதம் என் வேலை போனது. இதுவும் கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒசாகாவில் வேலையில்லாத தனிப் பெண்ணுக்கு யார் வீடு கொடுப்பார்கள்?

சுற்றிப் பார்க்க வந்தவளை ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். வேறெதையும் காட்டவில்லை. எதிரே பிரிவு மேலாளர் இவாகிரி. அவருக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர், எனக்குக் காகிதக் கோப்பையில்.

கணினியில் என்னென்ன தெரியும் என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். பிறகு அவர் பார்வை என் காதோர நரையில் வந்து நின்றது. வயதைக் கேட்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும்.

"அப்புறம், நீங்க பொறந்த வருஷத்துக்கு என்ன மிருகம்?"

எலி, மாடு, புலி என்று வருடத்துக்கு ஒரு மிருகம், பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதே மிருகம் திரும்ப வரும்; இங்கே குழந்தைக்கும் மனப்பாடம். மிருகத்தைச் சொன்னால் போதும், முகத்தைப் பார்த்து மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். குமகாய் மேஜைக்கடியில் என் காலைத் தட்டினான். நான் சிரித்தேன்.

"முயல்."

அவர் விரல்கள் மேஜைமேல் எண்ணின. "ஓ, முயலா! இங்க எல்லாம் சின்னப் பசங்க. உங்களுக்கு ஒட்டிப்போறது கொஞ்சம் சிரமமா இருக்குமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க என்ன மிருகம், சார்?"

"நானா? நானும் முயல்தான்!" பெருமையாகச் சிரித்தார். என்னைவிடப் பன்னிரண்டு வருடம் இளையவர் என்று சொல்ல அவருடைய வழுக்கை இடம் கொடுக்கவில்லை.

"அப்ப நமக்கு ஒரே வயசு. சின்னப் பசங்களோட நீங்க எப்படி சார் ஒட்டிப்போறீங்க?"

அவர் சிரிப்பு நின்றது. குமகாய் எழுந்து இடுப்பு ஒடிய வணங்கி மன்னிப்புக் கேட்டான். எனக்காக அல்ல, என்னைக் கூட்டிவந்ததற்காக.

தெருவுக்கு வந்ததும், "வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?" என்று சீறினான்.

"சுத்திப் பார்க்கத்தானே வந்தேன் தம்பி? பார்த்தேன். ஆள் சரியில்ல."

அவன் சிரிக்கவில்லை. கைபேசியைத் தடவினான்.

"நாளைக்கு இன்னொரு இடம் இருக்கு. அங்கேயும் மிருகம் கேப்பாங்க. நல்லவேளை, பன்னெண்டு வருஷம் குறைச்சாலும் நீங்க அதே முயல்தான். பொய்கூடச் சொல்ல வேண்டாம். தலைக்கு மட்டும் சாயம் போட்டுட்டு வாங்க."

கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். விடவில்லை. ரயில் நிலையத்துப் பக்கத்துக் கடைக்குள் நுழைந்தேன். கறுப்புச் சாயம் ஒரு பெட்டி வாங்கினேன். இவாகிரிமேல் வந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. அந்தப் பெட்டியை வாங்கினேனே, அந்த ஆத்திரம்தான் இன்னும் ஆறவில்லை.