கதவு சாத்திய வீட்டில் நூரி

நூரி மறுபடியும் சினையாக இருந்தாள். எப்படி என்பதுதான் ஜரினாவுக்கு விளங்கவில்லை.

காட்டுப்பாக்கத்தில் அந்த இரண்டாவது மாடி வீட்டை விட்டு நூரி வெளியே போய் மாதக்கணக்காகிவிட்டது. வாசலில் கம்பிக் கதவு, அதற்குப் பின்னால் மரக் கதவு, ஜன்னல்களில் கொசுவலை. யாராவது மணி அடித்தால் ஜரினா முதலில் பூனையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பிறகுதான் தாழ்ப்பாளைத் தொடுவாள். இவ்வளவு செய்தும் நூரியின் வயிறு உப்பி, காம்புகள் சிவந்திருந்தன.

ஜரினாவின் கணவன் அப்துல் கையூம் பூந்தமல்லியில் மிக்சி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். ஒழுகுகிறது என்றால் ஓட்டை எங்கோ இருந்தே தீரவேண்டும் என்பது அவன் கட்சி. வலையின் ஓரங்களையெல்லாம் விரலால் அழுத்திப் பார்த்தான். குளியலறையில் காற்று போகிற துவாரத்துக்கு அட்டை அடித்தான். ஜன்னல் விளிம்புகளில் மைதா மாவைத் தூவினான். பூனை நடந்தால் தடம் விழுந்துவிடும். மறுநாள் பார்த்தால் பல்லி ஓடிய கோடு மட்டும் இருந்தது.

“மொட்டமாடி கடுவன் இன்னா மந்திரவாதியா?” என்றான்.

முதல் ஈற்றுக்குக் காரணம் மொட்டைமாடியில் திரியும் அந்தக் கடுவன் பூனைதான். அப்போது நூரி இஷ்டத்துக்கு மாடிக்குப் போய் வருவாள். நான்கு குட்டிகள் பிறந்தன. மூன்றை அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். வாங்கிப்போன ஒருவர் அலுத்துப்போய்க் குட்டியை மீன் கடைப் பக்கம் விட்டுவிட்டார். வண்டிச் சக்கரத்தில் நசுங்கிக் கிடந்த அதைக் காய்கறி வாங்கப் போன ஜரினாதான் பார்த்தாள். வால் வளைந்த நான்காவது குட்டியை யாரும் கேட்கவில்லை. அது வீட்டோடு தங்கிவிட்டது. பாபு என்று பெயர் வைத்தார்கள். நூரி மகள் என்றால் பாபு பேரன் என்று சொல்லி ஜரினா அவனைக் கொஞ்சுவாள்.

மேல்வீட்டு வர்ஷா அப்போதே சொன்னாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். நூரிக்கு இனிக் குட்டி பிறக்காமல் ஆப்ரேஷன் செய்துவிடலாம், தானே காரில் கூட்டிப்போகிறேன் என்றாள்.

“வளர்க்கத் தெரியாதவங்க அறுக்கட்டும்மா. எனக்குக் கதவு சாத்தத் தெரியும்” என்றாள் ஜரினா.

வீம்புக்குச் சொன்னதல்ல. தெருவில் திரியும் குட்டிகளெல்லாம் எங்கிருந்தோ முளைப்பதில்லை, வளர்ப்பவர்களின் அசட்டையால் வருகின்றன என்று அவள் மனதார நம்பினாள். பூனை வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் போய் அதை எடுத்துச் சொன்னாள். பருவம் வந்தால் பெட்டைப் பூனை குழந்தை அழுவதுபோலக் கத்தும், தரையில் புரளும், இணை சேரும்வரை அந்தத் தவிப்பு விட்டு விட்டுத் திரும்ப வரும். அந்த நாட்களில் கதவைச் சாத்திவைத்தால் போதும், கத்தி எதற்கு என்று கேட்டாள். கீழ்வீட்டு ராணி அதைக் கேட்டுக்கொண்டுதான், திருநின்றவூரில் இருக்கும் தன் அக்கா வீட்டிலிருந்து ஓர் ஆண் குட்டியும் பெண் குட்டியுமாகக் கொண்டுவந்தாள்.

வலி எடுத்த அன்று நூரி துணிக்கூடையில் போய்ப் படுத்தாள். பூனை தன்னால் ஈன்றுவிடும், கிட்டப் போகக்கூடாது என்று ஜரினா தள்ளியே உட்கார்ந்திருந்தாள். மதியம் தாண்டியும் குட்டி வரவில்லை. முக்கி முக்கி நூரி ஓய்ந்துபோனாள். பக்கத்தில் பாபு உட்கார்ந்து அவள் காதை நக்கிக்கொண்டிருந்தான். கடைசியில் வர்ஷாவின் கார்தான் வந்தது. ஜரினா மடியில் கூடையை வைத்துக்கொண்டு, வழியெல்லாம், “தோ வந்துட்டோம்டி, தோ வந்துட்டோம்” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

கால்நடை டாக்டர் ஜீவா வயிற்றைத் திறந்து பார்த்தார். ஒரு குட்டி குறுக்கே நின்று வழியை அடைத்திருந்தது. அதற்கும் மூச்சில்லை, பின்னால் இருந்த இரண்டுக்கும் மூச்சில்லை. கொஞ்ச நேரத்தில் நூரியும் போய்விட்டாள்.

துண்டில் சுற்றிக் கொடுத்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது. ஜரினா அழுதுகொண்டே, வீட்டைவிட்டு வெளியே விடவே இல்லையே டாக்டர், எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று அதையே கேட்டாள்.

“வீட்ல வேற பூனை இருக்காம்மா?”

“பாபு மட்டும்தான். அது கணக்குல வராது டாக்டர். இவ பெத்த புள்ள. இன்னும் இவ மேலதான் படுத்துத் தூங்குது.”

டாக்டர் கையுறையைக் கழற்றினார். கடையிலிருந்து நேரே அங்கே வந்திருந்த அப்துல் கையூம் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

டாக்டர் மெதுவாகத்தான் எடுத்துச் சொன்னார். ஆண் குட்டி ஐந்தாறு மாதத்திலேயே கடுவனாகிவிடும். பார்க்கக் குழந்தை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தாய், தங்கை என்ற முறையெல்லாம் பூனைக்குக் கிடையாது. நூரி செத்ததற்கு அது காரணமில்லை, குட்டி குறுக்கே நிற்பது எந்தப் பூனைக்கும் நேரலாம் என்றார். சினையே ஆகாத பூனைக்கு நேராது என்று அவர் சொல்லவில்லை. அதை ஜரினா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பின்பக்கக் காலி மனையில் அப்துல் கையூம் குழி தோண்டினான். துண்டைக் கீழே வைக்க ஜரினாவுக்குக் கை வரவில்லை; அவன்தான் வாங்கி வைத்தான். வீட்டில் பாபு கூடையை முகர்ந்தான், கட்டிலுக்கு அடியில் பார்த்தான், பிறகு கதவருகே உட்கார்ந்து கத்தினான். அவன்மேல் கோபப்பட்டுப் பார்த்தாள். முடியவில்லை. அவனை அணைத்துக்கொண்டு அழுதபோது அவன் அவள் கழுத்தில் எதையோ தேடுவதுபோல முகத்தைப் புதைத்தான்.

வாரம் முடிவதற்குள் பாபுவுக்கு ஆப்ரேஷன் ஆயிற்று. கிளினிக்கிலிருந்து திரும்பும்போது ஜரினா நேரே மாடி ஏறவில்லை. ராணி வீட்டு மணியை அடித்தாள். ராணி தாழ்ப்பாளைத் திறப்பதற்கு முன் கவனமாக இரண்டு குட்டிகளையும் கையில் எடுத்துக்கொண்டுதான் திறந்தாள்.

“நீங்க சொன்ன மாதிரியே கதவ சாத்தியே வச்சிகினு கீறேன்க்கா” என்றாள்.

“எத்தினி மாசம் ஆவுது இதுங்களுக்கு?”

“நாலு தொடப்போவுது. கூடப்பொறந்தது ரெண்டும், ஒண்ண உட்டு ஒண்ணு இருக்காது.”

ஜரினா இரண்டு குட்டிகளையும் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“கதவ சாத்துனா மட்டும் போதாது ராணி. நான் உனக்குத் தப்பா சொல்லிட்டேன். இன்னிக்கே ரெண்டையும் வேற வேற ரூம்ல போடு. இந்த மாசமே டாக்டர் கையில காட்டி ரெண்டுத்துக்கும் ஆப்ரேஷன் பண்ணிடு.”